சத்தம் பார்க்கிற ராத்தா

"பார்ட்டுட பேரச் சொல்லாதீங்க. சத்தத்தச் சொல்லுங்க."

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு கராஜ் இருந்தது. அங்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "டிஃப் போய்ட்டு போல", "கியர் பெட்டி உடைஞ்சிட்டாம்" என்று யார் வாயைத் திறந்தாலும் இந்த வார்த்தைதான் முதலில் வந்து விழும். சொல்கிறவர் மெக்கானிக் இல்லை, மெக்கானிக்கின் மனைவி. நாங்கள் எல்லாரும் அவரை அக்கா முறையில் ராத்தா என்போம். அவருடைய கணவர் எங்களுக்கு அண்ணன் முறையில் காக்கா.

காக்காவுக்குக் காது கேட்காது. பிறவியில் அப்படியில்லை. கல்யாணம் முடித்து, கராஜும் நன்றாக ஓடத் தொடங்கிய காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினார். உயிர் மிஞ்சியது, இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு மட்டும் பழையபடி இருந்தது. தன் குரல் தனக்கே கேளாததால் அவர் ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை போகும்.

நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும், இழுக்கிற வண்டிகள்தான் காக்காவின் தொழில். வயலுக்கு விதைநெல் ஏற்றுகிற பழைய ஜீப், மாட்டுப்பட்டிக்குப் போகிற டபுள் கெப், கடற்கரை மணலில் மீன் ஏற்றுகிற என்னுடையதைப் போன்ற பிக்கப், எல்லாம் அவரிடம்தான் வரும். இந்த வண்டிகளில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. எஞ்சினில் புறப்படுகிற இழுவை கியர் பெட்டிக்குப் போய், நடுப் பெட்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் பிரிந்து, நீளத் தண்டுகள் வழியாக நாலு சில்லுக்கும் போய்ச் சேர வேண்டும். வழியில் எது தேய்ந்தாலும் சத்தம் போடும். ஆனால் அந்தச் சத்தம் ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் கேட்கும். நல்ல காது இருக்கிறவர்களே தடுமாறுகிற வேலை.

காய்ச்சலுக்குப் பிறகு காக்கா எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். ஒரு கோளாறைத் தேடி நாலு நல்ல சாமான்களைக் கழற்ற வேண்டி வந்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக மாறிப் போனார்கள். "பாவம், அவருக்கு இனி ஏலா" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்ட நேரத்தில்தான் ராத்தா உள்கதவைத் திறந்துகொண்டு கராஜுக்குள் வந்தார்.

அந்த முதல் நாளை எனக்குச் சொன்னவர் வீரமுனையில் வயல் செய்கிற ஒருவர். அவருடைய ஜீப் ஊளையிட்டுக்கொண்டு வந்திருக்கிறது. காக்கா பின்சில்லுகள் இரண்டையும் கழற்றி, பெயாரிங்குகளைக் கையில் உருட்டிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் மறுபடி பூட்டிக்கொண்டிருந்தாராம். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டிருக்கிறது.

"அண்ணன், அது எப்ப ஊளையிடுது?"

"ஓடேக்க தான் தங்கச்சி."

"ஓடக்குள்ள எப்ப? மிதிக்கக்குள்ளயா, கால எடுக்கக்குள்ளயா?"

வயல்காரர் யோசித்தார். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "மிதிக்கேக்க இல்ல. கால எடுத்தா ஊ எண்டு வரும். திரும்ப மிதிச்சா நிண்டுடும்."

"அப்ப அது சில்லில்ல. சில்லெண்டா மிதிச்சாலும் அழும், எடுத்தாலும் அழும்."

ராத்தா கணவனின் தோளைத் தட்டினார். இடது கையை வாய்க்கு முன் குவித்து ஊளைக்குச் சைகை காட்டினார், பிறகு காலைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டினார். காக்கா மனைவியின் கையையும் காலையும் பார்த்தார். பிறகு ஊர் கேட்கக் கத்தினார். "பினியன் பெயாரிங்!"

அவ்வளவு காலமும் சுவருக்கு அந்தப் பக்கம் சமைத்துக்கொண்டும் உடுப்புத் துவைத்துக்கொண்டும் இருந்த ராத்தாவின் காதில், உள்ளே வருகிற ஒவ்வொரு வண்டியின் சத்தமும் விழுந்திருக்கிறது. கடைசியில் எந்தச் சாமான் கழன்று சாக்கில் கிடந்தது என்பதையும் அவர் பார்த்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து மனதில் வைத்திருந்தார். காக்கா பின்சில்லுகளுக்கு நடுவில் இருக்கிற டிஃப் பெட்டியைத் திறந்தார். பெயாரிங் சொத்தைப் பல்லைப்போல் பள்ளம் விழுந்து கிடந்தது. ராத்தா அதைக் கையில் ஏந்திக்கொண்டு வாசல் கேற்றடிக்கே போய், எதிர்வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டினாராம். "பார்த்தீங்களா? நான் சொன்னன். பார்த்தீங்களா?"

அடக்கமாகச் சந்தோசப்படுவது ராத்தாவுக்கு வராது. சரியாகச் சொன்ன நாளெல்லாம் அவருக்குப் பெருநாள்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துதான் வண்டி பார்த்தார்கள். வண்டிக்காரர் ஓட்ட வேண்டும். ராத்தா முன்சீட்டில் கொஞ்ச தூரம், பின்சீட்டில் இடப்பக்கம் கொஞ்ச தூரம், வலப்பக்கம் கொஞ்ச தூரம் என்று மாறி மாறி இருந்து கேட்பார். காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலை வண்டியின் அடித்தட்டில் வைத்துக்கொண்டு கூடவே வருவார். அவருடைய காது காலுக்குப் போய்விட்டது என்று ஊரில் சொல்வார்கள். ராத்தா பார்ட்டுகளின் பெயரைக் கடைசிவரை பழகவேயில்லை. "கொட்டைப்பாக்கு வெட்டுற மாதிரி ஒரு வெட்டு, ரிவஸ் போடக்குள்ள மட்டும்" என்பார். அதைச் சைகையில் காட்டினால் காக்கா "குரோஸ் ஜொயின்ட்" என்று கத்துவார். "மழைக்குள்ள கோழி கொக்கரிக்கிற மாதிரி, வலப்பக்கம் வெட்டித் திருப்பக்குள்ள." அப்படித் திருப்பினால் பாரம் இடப்பக்கம் விழும் என்று காக்கா இடப்பக்க முன்தண்டைக் கழற்றத் தொடங்கிவிடுவார்.

பொம்பிளை ஒருத்தி கண்டவன் வண்டியிலும் ஏறித் திரிகிறாள் என்று ஒரு கதையும் கிளம்பியது. உறவுக்காரர் ஒருவர் அதைச் சொல்லவே கராஜுக்கு வந்தார். காக்கா அவருடைய உதட்டைப் பார்த்து விசயத்தை விளங்கிக்கொண்டார். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நானும் கூடத்தான் போறன்! வேணுமெண்டா நீங்களும் ஏறுங்க, இடமிரிக்கி!" வந்தவர் சுற்றிப் பார்த்தார். எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதன் பிறகு வரவில்லை.

ராத்தாவும் பிழை விட்டிருக்கிறார். ஒருமுறை ஒரு டபுள் கெப்பில் பின்பக்கம் டொக் டொக் என்று கேட்கிற சத்தத்தைத் தண்டுதான் என்று அடித்துச் சொன்னார். காக்கா தண்டை இறக்கினார், அது புதுசு மாதிரி இருந்தது. கடைசியில் சீட்டுக்குப் பின்னால் பூட்டாமல் கிடந்த, வண்டி தூக்குகிற ஜக் உருண்டதுதான் சத்தம். ராத்தா அன்றைக்கு அசர் தொழுகை வரை உள்கதவைச் சாத்திக்கொண்டு சமையல் பக்கமே இருந்தார். அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் முதலில் உள்ளே கிடக்கிற சாமான் எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சொல்வார். போத்தல், குடை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது.

இன்னொரு நாள் புது ஜீப் வாங்கிய ஒருவர் முகம் வெளிறிப்போய் வந்தார். ஃபோர் வீல் போட்டுச் சந்தியில் வெட்டித் திருப்பினால் வண்டி பிடித்துப் பிடித்துத் துள்ளுகிறது என்றார். ராத்தா ஏறிப் பார்த்தார். இறங்கி, "ஒரு கோளாறும் இல்ல" என்றார்.

"எப்பிடி இல்ல? துள்ளுதே!"

"தார் ரோட்டுல நாலு சில்லையும் ஒண்டாக் கட்டிப்போட்டுத் திருப்பினா அது துள்ளாம என்ன செய்யும்? திரும்பக்குள்ள முன்சில்லு கூடத் தூரம் ஓட வேணும், பின்சில்லு விடாது. மணலுக்கும் சேத்துக்கும்தான் ஃபோர் வீல். தார் ரோட்டுக்கு வந்தா எடுத்திருங்க."

வந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏதாவது ஒன்றைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி மன்றாடினார். ராத்தா மாட்டேன் என்றார். நல்ல வண்டியைக் கழற்றுவது அவருக்குப் பாவம் மாதிரி.

அந்த 'எப்ப' என்ற கேள்வியை அவர் வண்டிகளோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. என் மனைவி ஒருதரம் தலையிடி என்று சொன்னதற்கு, "எப்ப இடிக்குது?" என்று தொடங்கி, சமைக்கும்போதா, படுக்கும்போதா, எந்த வாரத்தில் என்று விசாரித்துக்கொண்டே போனார். முடிவில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உங்கட உம்மா வந்து நிக்கிற கிழமையிலதான் இவக்குத் தலையிடி. பனடோல் குளிச வாங்கி வேலையில்ல" என்றார். எனக்குச் சிரிப்பதா கோபிப்பதா தெரியவில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனி அந்தக் கடல் ஏறிய நாளைச் சொல்ல வேண்டும்.

மாரி காலம். கடலில் ஒரு புயல் சுழன்றுகொண்டிருக்கிறது, பின்னேரம் கரையில் கடல் ஏறும் என்று காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தோணிகளை எல்லாம் மேலே இழுத்துவிடச் சொன்னார்கள். எங்கள் கரையை அந்த வருசம் கடல் ஏற்கனவே அரித்திருந்தது. தோணிகள் கிடந்த இடத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் மணல் ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர்போல் வெட்டுப்பட்டு நின்றது. தோள் கொடுத்துத் தள்ளி ஏற்ற முடியாது. வழமையாக இழுக்கிற ட்ராக்டர்கள் வயல் பக்கம் வெள்ளத்துக்கு அங்கால் அகப்பட்டுக் கிடந்தன.

அங்கே கிடந்தவற்றில் பெரியது என் மச்சானின் கரைவலைத் தோணி. என் தங்கச்சியின் குடும்பமும் வலை இழுக்கிற ஆட்களின் குடும்பங்களும் அந்தத் தோணியில்தான் சோறு தின்றன. மச்சான் எனக்குப் போன் எடுத்தார். "மச்சான், பிக்கப்பக் கொண்டு கெதியா வாங்க."

நான் போனேன். ஆட்கள் மண்வெட்டியால் மணல் சுவரைச் சரித்து ஒரு சரிவு அமைத்திருந்தார்கள். மேட்டில் பிக்கப்பை நிறுத்தி, டயர்களில் காற்றைக் குறைத்தேன். என்னுடையதைப் போன்ற பழைய பிக்கப்புகளில் முன்சில்லுகளின் நடுவில் கையால் திருப்புகிற ஒரு பூட்டு இருக்கும். அதைத் திருப்பினால்தான் முன்தண்டின் சுழற்சி சில்லைப் பிடிக்கும். இரண்டையும் திருப்பிவிட்டு ஏறி, ஃபோர் வீல் போட்டேன். லைட் எரிந்தது. தோணியில் கயிறு கட்டினார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி மிதித்தேன்.

பின்சில்லுகள் மணலை வாரி இறைத்துக்கொண்டு புதைந்தன. முன்சில்லுகள் அசையவேயில்லை.

மறுபடி மறுபடி பார்த்தேன். வண்டி இன்னும் ஆழமாக இறங்கியது. கூட்டத்தில் நின்ற லொறி மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "நடுப் பெட்டி போய்ட்டு. இறக்கிப் பார்க்க வேணும். ரெண்டு மூணு நாள் வேல" என்றார். கடல் அதற்குள் தோணியின் அடியைத் தொட்டுத் தொட்டுப் போனது. மச்சான் கயிற்றைக் கையில் பிடித்தபடி தோணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கராஜுக்கு ஆளனுப்பினேன். தூறலுக்குள் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. காக்கா சாமான் பெட்டியோடு இறங்கினார், பின்னால் ராத்தா.

"எப்ப, தம்பி?"

"ஃபோர் வீல் போட்டு இழுக்கக்குள்ள, ராத்தா. சும்மா ஓடக்குள்ள ஒண்டுமில்ல."

காக்கா மணலில் படுத்து அடியில் பார்த்தார். என்னை மிதிக்கச் சொன்னார். பின்சில்லுகள் சுழன்றன. அவர் கீழே கிடந்தபடியே கத்தினார். "முன்தண்டு சுத்துது! பெட்டி நல்லம்!"

நடுப் பெட்டி முன்பக்கத்துக்கு இழுவையை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அது சில்லுக்குப் போய்ச் சேரவில்லை. முன் டிஃபா, இடப்பக்கத் தண்டா, வலப்பக்கத் தண்டா, சில்லுப் பூட்டா? எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க நேரமில்லை. எது என்று ராத்தா சொல்ல வேண்டும்.

ராத்தா முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். தலையைச் சாய்த்தார். நான் மிதித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மற்றப் பக்கம் போய்க் குந்தினார். மறுபடி மிதித்தேன். அவர் எழும்பி நின்றபோது முகம் மாறியிருந்தது.

"எனக்கு ஒண்டும் கேக்குதில்ல."

கடல் அப்படி இரைந்துகொண்டிருந்தது. காற்று வேறு. பக்கத்தில் நின்று கதைப்பதே கேட்காத இரைச்சலில், இரும்புக்குள் கிடக்கிற ஒரு சின்னச் சத்தம் எப்படிக் கேட்கும்? ராத்தா இரண்டு கையையும் விரித்துக் கணவனிடம் காட்டினார். அவரை அப்படிக் கையறு நிலையில் நான் பார்த்ததேயில்லை.

காக்கா சிரித்தார். அந்த நேரத்தில் சிரித்தார்! மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக் கீழே குந்தவைத்தார். அவருடைய உள்ளங்கையை வலப்பக்கச் சில்லின் நடுவில், அந்தப் பூட்டின் மேல் அழுத்தி வைத்தார். என்னைப் பார்த்து, "மெதுவா மிதி!" என்றார். மிதித்தேன். ராத்தா தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை. இடப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மறுபடியும் கையை வைத்தார், அதன் மேல் தன் கையையும் வைத்தார். சில்லு அசையாமல் நிற்க, நான் மிதித்தேன்.

ராத்தாவின் கண் விரிந்தது.

"அடிக்குது! உள்ளுக்கு அடிக்குது! குஞ்சு முட்டைக்குள்ள கொத்துற மாதிரி!" அவர் எழும்பி எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார். "பிடிக்கப் போய் வழுகுது! இந்தப் பூட்டுத்தான்! இடப்பக்கம்!"

காக்கா அதைக் கேட்கவில்லை. அவர் ஏற்கனவே பூட்டின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

மூடி கழன்று வந்தது. உள்ளே கிறீஸ் கிறீஸாகவே இல்லை. உப்பும் மணலும் சேர்ந்து சவர்க்காரச் சோப்புக் கட்டிபோல் இறுகிக் கிடந்தது. அதனால் பூட்டின் பற்கள் அரைவாசித் தூரம்தான் உள்ளே போயிருந்தன. நுனியில் பிடித்து, பாரம் வந்ததும் வழுகி, மறுபடி பிடித்து வழுகிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் அப்படி வழுகினால் முன்பக்கச் சுழற்சி முழுவதும் அந்தப் பக்கத்தாலேயே வீணாகப் போய்விடும், மற்றச் சில்லு நல்லதாக இருந்தும் இழுக்காது என்று காக்கா எல்லாருக்கும் கத்திக் கத்தி விளக்கினார். உடைந்த சாமான் ஒன்றுமில்லை, மாற்ற வேண்டியதும் ஒன்றுமில்லை. தோணி எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் கழுவினார், புதுக் கிறீஸ் பூசினார். பூட்டித் திருப்பினார். பற்கள் முழுதாகப் போய் உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்து, பெருவிரலை உயர்த்தினார்.

ஆட்கள் சில்லுகளைச் சுற்றி மணலை வாரி, பலகை வைத்தார்கள். நான் மிதித்தேன்.

முன்சில்லுகள் மணலைக் கடித்தன. வண்டியின் மூக்கு மேலே எழும்பியது. கயிறு விறைத்தது. மச்சானின் தோணி ஒரு பெரிய மிருகம் நித்திரையிலிருந்து எழும்புகிற மாதிரி ஆடி, அசைந்து, சரிவில் ஏறத் தொடங்கியது. இருபக்கமும் ஆட்கள் தோள் கொடுத்து அல்லாஹ்வின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு கூடவே ஏறினார்கள். தோணி மேட்டுக்கு வந்து, ரோட்டோரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து நின்றபோது மச்சான் அதன் மேல் இரண்டு கையையும் விரித்து முகத்தை வைத்துக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

பிறகு அடுத்த தோணி. அதற்குப் பிறகு பைபர் படகுகள். பகல் லுஹர் தொழுகையைப் பிந்தித் தொழுதோம், சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. பின்னேரம் கடல் ஏறியது. காலையில் தோணிகள் கிடந்த இடத்தை மணலோடு அள்ளிக்கொண்டு போனது, நாங்கள் வெட்டிய சரிவையும் கொண்டு போனது. எங்கள் கரையின் தோணி ஒன்றுகூட அதற்கு அகப்படவில்லை.

மேட்டில் நின்ற வலைக்காரர்கள் காக்காவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவர் கால்களை உதைத்துக்கொண்டு கத்தினார். "இறக்குங்கடா! அவவத் தூக்க ஏலாதெண்டு என்னைத் தூக்குறீங்களா?" கரை முழுக்கச் சிரித்தது. ராத்தா முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தார். பெண்கள் பக்கம் திரும்பி, "நானில்ல கா, அவர்ட கைதான் கண்டுபிடிச்ச" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காக்கா மட்டும் அதைக் கேட்கவில்லை.

ஒரு கிழமைக்குள் காக்கா ரகசியமாக ஒரு வேலை பார்த்தார். அவருடைய ரகசியம் என்பதால் ராத்தாவைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ராத்தா மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளில், பெயின்ரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கராஜின் பழைய போர்டை அழித்து, புதிதாகப் படம் கீறவைத்தார். திரும்பி வந்த ராத்தா த்ரீவீலரை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

போர்டில் பெரிதாக ஒரு காது. தோடும் போட்டிருந்தது. கீழே சிவப்பு எழுத்தில்: 'சத்தம் பார்க்கப்படும்.'

ராத்தாவின் குரலை அன்றைக்குத் தெரு கேட்டது. "மனிசன்! நான் ஊருக்கு மறைச்சி வெச்சிரிக்கிற காத நீங்க ரோட்டுல கீறித் தொங்கப் போட்டிரிக்கீங்க! தோட்டோட!" காக்கா அவருடைய உதட்டைப் பார்த்தார், விளங்காத மாதிரி நின்றார். பிறகு, "வடிவா இரிக்கா?" என்று கத்திக் கேட்டார். ராத்தாவால் அதற்கு மேல் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. திட்டிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

ஆனாலும் விடவில்லை. அடுத்த நாள் பெயின்ரர் மறுபடி வந்து ஏணி வைத்து ஏறி, காதை மூடிப் பச்சை நிறத்தில் ஒரு முக்காடு கீறிவிட்டுப் போனார். மடிப்பெல்லாம் விழுந்த அழகான முக்காடு.

அதிலிருந்து அந்தப் போர்டைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் குழம்புவது வழமையாகிவிட்டது. நான் பார்க்கவே ஒரு நாள் அம்பாறைப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, கராஜுக்குள் எட்டிப் பார்த்து, போர்டின் எழுத்தை வாசிக்கத் தெரியாமல் முக்காட்டைக் காட்டி அரைகுறைத் தமிழில் கேட்டார். "இது புடவைக் கடையா? எனக்கு ஜீப் பார்க்கிற அம்மாட இடம் வேணும்."

ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் காக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா நான்தான்" என்றார் ராத்தா. "எஞ்சின நிப்பாட்டாதீங்க. நாங்க ஏறுறம்."